நியூரோஃபீட்பேக் பயிற்சி: இரண்டு கல்வியாண்டுகளுக்குப் பின்

எங்கள் மகனுக்கு ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைபாடு இருப்பதை அவனது ஒன்பதாவது வயதில் மனநல மருத்துவர் உறுதிசெய்தார். மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையும் நடத்தைப் பயிற்சியும் தொடங்கிய பின், அவற்றோடு துணையாக, அண்ணா நகரில் ஒரு மையத்தில், மூளையின் மின்னலைகளைத் திரையில் காட்டி அவற்றை மாற்றப் பழக்கும் நியூரோஃபீட்பேக் பயிற்சியில் சேர்த்தோம். பயன் இருந்ததா என்று இப்போது பல பெற்றோர் கேட்கிறார்கள். மாற்றம் இருந்தது, ஆனால் அதை முழுவதும் அந்தக் கருவியின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

தலைக்குள் மின்சாரம் எதுவும் பாய்ச்சப்படுவதில்லை. என் மாமியார் வெகுகாலம் பேரனுக்கு 'ஷாக்' வைக்கிறார்கள் என்றே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். உச்சந்தலையில் பசை தடவி ஒட்டும் சிறு மின்முனையும் காது மடல்களில் மாட்டும் கிளிப்புகளும் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்ய மட்டுமே. விநாடிக்கு 4 முதல் 8 வரை துடிக்கும் தீட்டா அலைகள் குறைந்து, அவற்றைவிட வேகமான பீட்டா அலைகள் கூடினால் திரையில் ஒரு விளையாட்டு ராக்கெட் மேலேறும். கவனம் சிதறினால் இறங்கும். 1960-களில் அமெரிக்காவில் பேரி ஸ்டெர்மன் என்ற மூளை ஆய்வாளர் பூனைகளுக்கு விநாடிக்கு 12 முதல் 15 வரை துடிக்கும் அலையைக் கூட்டப் பழக்கியதும், அப்பூனைகள் ராக்கெட் எரிபொருளின் நச்சால் வரும் வலிப்பை மற்றவற்றைவிடத் தாக்குப்பிடித்ததும்தான் இம்முறைக்கு வித்திட்டன. 1970-களில் அது வலிப்பு நோயாளிகளிடமும், பின்னர் உளவியலாளர் ஜோயல் லூபார் வழியாக ஏடிஹெச்டி சிறுவர்களிடமும் சோதிக்கப்பட்டது.

எங்களுக்கு முதலில் தடையாக வந்தது தலை எண்ணெய். பயிற்சி நாட்கள் புதனும் சனியுமாக அமைந்துவிட்டன. வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியல் நாட்களும் அவையே. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனை சரியாகப் பதியாது என்பதால், மாமியாருடன் பெரும் பேச்சுவார்த்தைக்குப் பிறகு குளியல் ஞாயிற்றுக்கு மாறியது. மே மாதத்தில் வியர்வையே அலைக்கோட்டை மெதுவாக ஏற்றி இறக்கும் என்பதால், ஏசி அறையில் சற்று நேரம் உட்காரவைத்த பிறகே தொடங்குவார்கள்.

சில வாரங்களில் மகன் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். "அம்மா, பல்லைக் கடிச்சா ராக்கெட் சர்ருனு மேல போகுது" என்று படியிறங்கும்போது ரகசியமாகச் சொன்னான். தாடைத் தசையின் மின்னோட்டம் பீட்டா அலையோடு கலந்து கருவியை ஏமாற்றிவிடுகிறது. பயிற்சியாளரிடம் சொன்னதும், தசை அசைவுக்குத் தனி வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் ராக்கெட் நிற்கும்படி மாற்றினார். அது முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. பயிற்சியாளர் மதிப்பெண்ணை மட்டும் காட்டுகிறாரா, மூல அலைக்கோட்டையும் பார்க்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

முதல் ஆண்டு முடிவில் வீட்டுப்பாடத்தின் நடுவே எழுந்து ஓடுவது குறைந்தது, தூக்கமும் சீரானது. கணக்கில் கவனப்பிழைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அதே காலத்தில் மருந்தளவும் சரிசெய்யப்பட்டது, வகுப்பாசிரியர் அவனை முன்வரிசைக்கு மாற்றினார், வாரம் இரு மாலைகள் அப்பாவுடன் பெரம்பூரிலிருந்து பைக்கில் பேசிக்கொண்டே போய்வந்தான். எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது?

இந்தக் கேள்விக்காகவே 2021-இல் அமெரிக்காவில் வெளியான, யாருக்கு எந்தப் பயிற்சி என்பது சிறுவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் தெரியாதபடி நடத்திய இரட்டை மறைப்பு ஆய்வைத் தேடிப் படித்தேன். 7 முதல் 10 வயதுச் சிறுவர்களில் ஒரு பகுதியினருக்கு மெய்யான பயிற்சியும், மற்றவர்களுக்கு வேறொரு சிறுவனின் பழைய அலைப்பதிவைக் கொண்ட போலிப் பயிற்சியும் அளித்தார்கள். இரு குழுவினருமே முன்னேறினர்: முதல் குழுவில் 61 விழுக்காட்டினர், இரண்டாவதில் 54 விழுக்காட்டினர்; புள்ளியியல்படி அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. 13 மாதங்களுக்குப் பிறகு மெய்ப்பயிற்சிக் குழுவுக்கு மருந்துத் தேவை குறைவாக இருந்ததையும் சொல்லியாக வேண்டும். போலிப் பயிற்சியிலேயே பாதிக்கு மேற்பட்டோர் தேறினர் என்றால், அமைதியாக உட்காரப் பழகுவதும் பெரியவர் ஒருவர் முழுக் கவனத்தோடு உடனிருப்பதுமே பெரும்பங்கு வேலை செய்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பக்கவிளைவாக நாங்கள் கண்டது, பயிற்சி முடிந்த சில மாலைகளில் வந்த களைப்பும் லேசான தலைவலியும் மட்டுமே. கட்டண முறைதான் மனக்குறை: பல அமர்வுகளுக்கான தொகுப்புத் தொகையை முன்கூட்டியே கட்டச்சொன்னார்கள், காய்ச்சலில் தவறிய அமர்வுகளுக்கு ஈடு தரவில்லை, எங்கள் காப்பீட்டிலும் இது சேரவில்லை. மருந்தை நிறுத்திவிடலாம் என்று வரவேற்பறையிலேயே ஒருவர் சொன்னதை எங்கள் மருத்துவரிடம் கூறியபோது, அவர் கடுமையாக மறுத்தார். மாத்திரையும் நடத்தைப் பயிற்சியும் தொடர்கின்றன. இந்த ஜூனில் புதுத் தொகுப்பு எடுக்கவில்லை.