மாத்திரையா, சொட்டு மருந்தா, கழுத்துப்பட்டையா? குமரி மழையில் நாயை உண்ணியிடமிருந்து காப்பது எது?

சென்ற ஐப்பசி அடைமழையில் எங்கள் நாய் சின்னு இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. காது மடலுக்குள் விரலை விட்டபோது, ஆமணக்கு விதை அளவுக்கு ஊதிய சாம்பல்நிற உண்ணிகள் நான்கு தட்டுப்பட்டன. இரத்தப் பரிசோதனையில், இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமிதான் காரணம். 28 நாள் டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றினோம். (செய்தித்தாள்களில் மனிதர்களுக்கு வருவதாக எழுதப்படும் ‘உண்ணிக்காய்ச்சல்’ வேறு. அது ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சுகளால் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ்.)

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. ஆனியிலிருந்து ஒரு மழை, ஐப்பசியிலிருந்து இன்னொரு மழை. நாய் நனையாத மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மருந்து வாங்கும் முன் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். கடையில் யாரும் கேட்பதில்லை.

நம் வீட்டு நாய்களைப் பெரும்பாலும் பிடிப்பது பழுப்பு நாய் உண்ணி. குஞ்சு, இளம் உண்ணி, முழு உண்ணி என்று மூன்று பருவத்திலும் நாயின் மேல் ஏறிக் குடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிவிடும். இறங்கியது சுவர் விரிசலிலும் விறகுப்புரையிலும் ஒளிந்துகொள்ளும். வயிறு நிறைந்த பெண் உண்ணி அங்கேயே 4000 முட்டை வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். முழு உண்ணி ஒன்றுமே குடிக்காமல் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். நாயின் உடம்பில் பார்ப்பது கொஞ்சம், சுவருக்குள் இருப்பது அதிகம்.

நான் முதலில் வாங்கியது சொட்டு மருந்து. ஃபிப்ரோனில் என்ற மருந்தைத் தோள்களுக்கு நடுவே மயிரை விலக்கித் தோலில் விடுவார்கள். அது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, சுமார் நான்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். விலை தாங்கக்கூடியது, போடுவதும் எளிது. ஆனால் போடுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் நாயைக் குளிப்பாட்டக் கூடாது. குளத்தைக் கண்டால் குதிக்கிற நாய்க்கு இந்த விதியை யார் சொல்லிக் கொடுப்பது? நான் சொட்டு விட்ட மறுநாளே சின்னு மழையில் ஊறிக்கொண்டு வந்தது. மூன்றாம் வாரமே மறுபடி உண்ணி. நாகர்கோவில் மாடி வீட்டுக்குள் வளரும் நாய்க்கு இதையே நான் சிபாரிசு செய்வேன், எங்கள் தோட்டத்து நாய்க்குச் செய்யமாட்டேன். முயல் வளர்ப்பவர்கள் இந்த மருந்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம், முயலுக்கு அது நஞ்சு.

அடுத்தது கழுத்துப்பட்டை. டெல்டாமெத்ரின் அல்லது ஃபுளுமெத்ரின் ஊறிய பட்டை மாதக்கணக்கில் வேலை செய்யும். இதற்கு மற்றவற்றில் இல்லாத ஒரு சிறப்பு உண்டு. உண்ணி கடித்து உறிஞ்சும் முன்பே பெரும்பாலும் கால் தரிக்காமல் விழுந்துவிடும். எர்லிக்கியா கடித்த சில மணி நேரத்திலேயே நாயின் இரத்தத்துக்குள் போய்விடக் கூடியது என்பதால், கடிக்கவே விடாத மருந்துக்குத் தனி மதிப்பு இருக்கிறது. ஆனால் பட்டையின் மருந்து உடம்பெங்கும் பரவ ஒரு வாரம் போல ஆகும். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கமாகவும் இருக்க வேண்டும். பலர் மாலைபோலத் தொங்கவிட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள். டெல்டாமெத்ரின் மீனுக்குக் கடும் நஞ்சு. கல்குளம், விளவங்கோடு பக்கம் ஊருக்கு ஊர் குளம் கிடக்கிறது. பட்டை கட்டிய நாயைக் குளத்தில் இறக்குவது பாவம்.

இப்போது நாங்கள் நம்பியிருப்பது மாத்திரை. ஃபுளூரலனர் ஒரு முறை கொடுத்தால் 12 வாரம். அஃபாக்சோலனர் ஒரு மாதம். சாரோலனர் 35 நாள். மருந்து இரத்தத்தில் கலந்திருக்கும். உண்ணி கடித்து உறிஞ்சினால் அதன் நரம்புகள் கட்டுமீறித் துடித்துச் சாகும். மழையும் குளமும் இதை ஒன்றும் செய்யாது. கடித்த பிறகுதான் சாகும் என்பது இதன் குறை. எர்லிக்கியாவை இது முழுமையாகத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பேபீசியா அப்படி அல்ல. உண்ணி இரண்டு மூன்று நாள் ஒட்டியிருந்தால்தான் அது பரவும், அதற்குள் மாத்திரை உண்ணியைக் கொன்றுவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சின்னுவிடம் கண்டேன். சுவரிலிருந்து பசியோடு இறங்குகிற உண்ணி எல்லாம் நாயைத் தேடித்தானே வர வேண்டும்? வந்தது கடித்தது, கடித்தது செத்தது. நாயே வீட்டைச் சுத்தம் செய்தது. அதனால்தான் உண்ணி கண்ணில் படவில்லை என்று இரண்டாம் மாத்திரையை நிறுத்தக் கூடாது. சுவருக்குள் முட்டை இன்னும் பொரிந்துகொண்டிருக்கும்.

விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது, எடைக்கு எடை ஏறுகிறது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இது சின்னத் தொகை அல்ல. மருந்தையே விடுவதைவிட மாதத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விடுவது மேல். இந்த வகை மாத்திரைகள் சில நாய்களுக்கு வலிப்பை உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. வலிப்பு வந்த நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ஃபுளூரலனரைச் சோற்றோடு சேர்த்துக் கொடுத்தால் நன்றாக உடம்பில் சேரும்.

உண்ணியைக் கொல்ல ஊற்றும் அமிட்ராஸ் கரைசல் மலிவு என்பதால் நம் ஊரில் அதிகம் புழங்குகிறது. அதைக் கண்ணளவில் ஊற்றுவதுதான் எனக்குப் பயம். குப்பியில் எழுதிய அளவை மீறினால் நாய் தள்ளாடும், நாடி இறங்கும். நாய் நக்கவும் கூடாது, பூனை கிட்டே வரவும் கூடாது. நாயின் மேல் ஊற்றுவதை நான் விட்டுவிட்டேன். நாய்க்கூட்டின் சுவருக்கு மட்டும், நாயை வேறிடத்தில் கட்டிவிட்டு அடித்து, நன்றாக உலரவிட்டுத் திரும்பக் கொண்டுவருகிறேன்.

‘மக்களே, வேப்பெண்ணெயைத் தேய்த்தால் போதும்’ என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். அன்போடு சொன்னதுதான். எண்ணெய் வாசனை இருக்கும்வரை சில உண்ணி விலகலாம், நோயைத் தடுக்க அது போதாது. ஐவர்மெக்டின் ஊசியையும் உண்ணிக்காக நம்ப வேண்டாம். கோலி வகை நாய்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு மாத்திரை கூடாது, சீப்பும் கையும்தான். இடுக்கியைத் தோலோடு ஒட்டி வைத்து உண்ணியை நேராக இழுக்க வேண்டும். நகத்தால் நசுக்கவோ தீக்குச்சியால் சுடவோ மண்ணெண்ணெய் தடவவோ கூடாது. நான் ஒரு சிரட்டையில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு அதில் போடுகிறேன்.

சித்திரையில் நாய்க்கூட்டை ஒட்டிய வெட்டுக்கல் சுவரின் விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம், விறகை அதனிடமிருந்து தள்ளி அடுக்கினோம். சின்னுவுக்கு மூன்றாவது மாத்திரை ஆடி பிறந்ததும். பக்கத்து வீட்டு அண்ணனும் அதே நாளில் தன் நாய்க்கு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாயும் ஒரே வேலியில் புகுந்து வருகின்றன.