தேரி மணலிலும் கடற்கரையிலும் ஆறு ஆண்டுகள்: மூன்று வண்டிகளும் டயர்களும்

திருச்செந்தூருக்கும் உவரிக்கும் இடைப்பட்ட மீனவ ஊர்களுக்குப் படகு எஞ்சின் உதிரிபாகங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை என்று எல்லா ஊருக்கும் இப்போது நல்ல தார்ச்சாலை இருக்கிறது. ஆனால் சாலை முடிந்து, படகுகளை ஏற்றி வைத்திருக்கும் இடத்துக்கு இறங்கும் கடைசி இருநூறு முந்நூறு மீட்டர்தான் ஆறு ஆண்டுகளில் என்னை மூன்று வண்டிகள் ஓட்டிப் பார்க்க வைத்தது.

மணல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வண்டிக்கு எல்லா மணலும் ஒன்றல்ல. அலை வந்து நனைத்துவிட்டுப் போகும் பகுதி ஏறத்தாழச் சாலைபோல் இறுகியிருக்கும். அதற்கு மேலே உள்ள காய்ந்த வெண்மணலில் சக்கரம் புதையும். உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்து மணல் மேடுகளான தேரிகளின் செம்மணல் மழைக்குப் பின் கெட்டியாகிவிடும். பங்குனி, சித்திரையில் அதே தடம் மாவுபோல் உதிர்ந்து கிடக்கும். ஐப்பசி மழையில் வண்டி வாங்கி, அது தேரியில் நன்றாக ஏறுகிறது என்று நம்பியவன் நான்.

அந்த முதல் வண்டி, சுமார் 110 கிலோ எடையுள்ள சாதாரண 100 சிசி பைக். முன் டயர் நீளவாக்கில் வரியோடிய வகை. தாரில் நேராகவும் அமைதியாகவும் ஓடுகிற அந்த டயர், மணலில் கலப்பைக் கொழுவைப்போல் உழுதுகொண்டு தன் போக்கில் திரும்பியது. பின் சக்கரம் சுழன்று குழி தோண்ட, நான் கிளட்சைப் பாதி பிடித்தபடி முறுக்க, ஓராண்டுக்குள் கிளட்ச் பிளேட் தீய்ந்துபோயிற்று. டயரை மாற்றுவது என்று முடிவு செய்து பஞ்சர் கடைக்குப் போனபோது, அங்கிருந்த பெரியவர், “டயர மாத்துறதுக்கு முன்னால காத்தக் கொறச்சிப் பாரு தம்பி” என்றார். முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ என்று இருந்ததை 16, 18 ஆக இறக்கியதும், அதே வண்டி அதே டயருடன் படகுத்துறைவரை போய்ச் சேர்ந்தது. காற்று குறையும்போது டயர் தரையில் பதியும் பரப்பு நீளமாகிறது. எடை பரவுவதால் புதைவது குறைகிறது. ஒரு காசு செலவில்லாத இந்த வேலை, பிறகு நான் வாங்கிய எந்தப் பொருளைவிடவும் அதிகப் பயன் தந்தது. தாருக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி நிரப்பாவிட்டால் டயரின் பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடேறும் என்பதால், கால்பம்பும் காற்றழுத்தமானியும் இன்றுவரை என் பையில் இருக்கின்றன.

குறைப்பதற்கும் எல்லை உண்டு. ஒருமுறை மணப்பாட்டில் ஆசைப்பட்டு 12 வரை இறக்கினேன். முறுக்கிய வேகத்தில் டயர் ரிம்மின் மேல் நழுவ, உள்ளிருந்த டியூபும் கூடவே இழுபட்டு வால்வு அடியோடு பிய்ந்துவிட்டது, ஒட்டுப்போட வழியில்லை. டியூப்லெஸ்ஸில் வால்வுக்கு இந்தச் சிக்கல் இல்லையென்றாலும், டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்று இடையில் மணல் புகுந்துவிட்டால், கால்பம்பால் அதை மறுபடி உட்கார வைக்க முடியாது. எனவே டியூப் டயரோ டியூப்லெஸ்ஸோ, 15க்குக் கீழே நான் போவதில்லை. முள்ளைப் பொறுத்தவரை டியூப்லெஸ்தான் நிம்மதி. உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் நிறைந்த இந்தப் பக்கத்தில், சாலையோரம் உட்கார்ந்து டியூபை உருவுவதைவிட, முள் குத்திய ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகிவிட்டுக் கிளம்புவது எவ்வளவோ மேல். டியூப் டயர் என்றால், பஞ்சர் ஒட்டியதும் டயரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். முறிந்த முள்முனை உள்ளேயே இருந்து அடுத்த நாளும் குத்தும்.

இரண்டாவது வண்டி 200 சிசி. முன்னால் 21 அங்குலச் சக்கரம், நீண்ட சஸ்பென்ஷன், கட்டை கட்டையாக வெட்டிய டயர்கள். பெரிய முன்சக்கரம் டிராக்டர் தடங்களைத் தாண்டுவதை அனுபவித்தால்தான் தெரியும். இரண்டாம் கியரில் சீராக முறுக்கி, உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டிலை இறுக்காமல் தூரத்தைப் பார்த்துக்கொண்டு போனால் தேரியே தெருவாகிவிடும். ஆனால் அதன் எடை 150 கிலோவுக்கு மேல். மணலில் விழுவது வலிக்காது, தூக்குவதுதான் வலிக்கும். சரக்குப் பெட்டியுடன் ஒருமுறை சாய்ந்தபோது, யாராவது வரும்வரை அரைமணி நேரம் வெயிலில் நின்றேன். வாங்கிய இரண்டாம் ஆண்டின் முடிவில் அதை விற்றுவிட்டேன்.

இப்போது மூன்று ஆண்டுகளாக ஓட்டுவது, மீன்கூடை கட்டிப் போகிறவர்கள் எல்லாரும் வைத்திருக்கும் எக்ஸ்எல் 100. அதன் 16 அங்குலச் சக்கரத்தையும் 2.50 அங்குல அகல டயரையும் பார்த்தால் மணலுக்கான வண்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எடை 90 கிலோவுக்கும் குறைவு. கிளட்ச் பிடிக்கும் வேலை இல்லை. புதைந்தால் இறங்கி, மெதுவாக முறுக்கிக்கொண்டே கூட நடந்து தள்ளினால் வெளியே வந்துவிடுகிறது. தனியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் அளவுகோல், வண்டியைத் தனியாளாகத் தூக்க முடியுமா என்பதே. அதன்பின் காற்றழுத்தம், அதற்கும் பின்னால்தான் டயரின் வெட்டு. பழைய 100 சிசியையும் விற்கவில்லை; தேரிக்குள் கருப்பட்டி வாங்கப் போகும் நண்பர் அதை ஓட்டுகிறார். அதற்கு முன்னும் பின்னும் கட்டை வெட்டு டயர் போட்டு, பின்னால் 2.75க்குப் பதில் 3.00 மாற்றினோம். செயின் கவரில் உரசாமல் இருக்க அதற்கு மேல் அகலம் கூட்டவில்லை. இந்த வகை டயர் தாரில் சீக்கிரம் தேயும், ஈரச்சாலையில் பிடிமானமும் குறைவு. ஓட்டத்தில் பெரும்பங்கு தாராக இருப்பவர்கள் காற்றைக் குறைத்தே சமாளிக்கலாம்.

உண்மையில் வண்டியைத் தின்பது மணலைவிட உப்புதான். ஸ்போக்ஸ், சைலன்சரின் அடிப்பக்கம், பிரேக் ஷூவை விரிக்கும் கேம் என்று ஒவ்வொன்றாகத் துருப்பிடித்துக்கொள்ளும். பெரியதாழை, உவரிப் பக்கத்து மணலில் கார்னெட் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படும் அதே கனிமம். செயினில் கனமான எண்ணெய் வழிய விட்டால் இந்த மணல் அதில் ஒட்டி, அரைக்கும் பசையாகிவிடும். எனவே மெல்லிய எண்ணெயைப் பூசி, ஊறியதும் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிடுகிறேன். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவதும், ஏர் ஃபில்டரை நிறுவனம் சொல்லும் கெடுவில் பாதியிலேயே திறந்து பார்ப்பதும் வழக்கமாகிவிட்டன. மணலில் நிறுத்தும்போது சைடு ஸ்டாண்டின் கீழே வைக்க ஒரு துண்டுப் பனஞ்சட்டம் பெட்டியில் கிடக்கிறது.

அலையோரத்து இறுகிய மணலில் ஓட்டிப் போகும் ஆசை எனக்கும் இருந்தது. உப்புத்தண்ணீர் பட்ட பேரிங்கை மாற்றியதும் அது பாதி போயிற்று. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் அந்த மணலைக் கடந்து மேலேறித்தான் முட்டையிடுகின்றன என்று அறிந்ததும் மீதியும் போயிற்று. இப்போது கடைசிப் படகுக்கு உரிய சாமானைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுகிறேன். ஆடிக் காற்றில் சாலையின் வளைவுகளில் மெல்லிய படலமாக மணல் வந்து கிடக்கும் நாட்களில் மட்டும் காற்றைக் குறைப்பதில்லை. அங்கே சக்கரம் புதைவதில்லை, கெட்டியான தாரின் மேல் மணல் உருண்டு வழுக்குகிறது என்பதால், வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, முன் பிரேக்கைத் தொடாமல் திரும்புகிறேன்.