மலக்குழி இறைக்கும் பவுசர் வண்டி வராத வீட்டுக்கு எந்தக் குழி?

தோட்டத்து லயத்தை, அதாவது வரிசை வீட்டை, விட்டு 7 பேர்ச் காணியில் தனி வீடு கட்டும்போது கூரைக்கும் டைல்ஸுக்கும் நாள்கணக்கில் யோசிக்கிறோம். மலசலகூடக் குழியை மட்டும் மேசன் பாஸ் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். அவர் பின்பக்கம் ஒரு கிடங்கு வெட்டி, சுற்றிக் கல் கட்டி, சிலாப் போட்டு மூடிவிட்டு, "செப்டிக் டேங்க் முடிஞ்சது" என்பார். அடியில் சீமெந்து போடாத கிடங்கு செப்டிக் டேங்க் ஆகாது. அது வெறும் ஒற்றைக் குழி. செலவு குறைவு என்பதைத் தவிர அதில் நல்லது எதுவும் இல்லை. நிரம்பினால் பக்கத்தில் இன்னொன்று வெட்ட 7 பேர்ச்சில் இடம் எங்கே? இதைக் கட்டும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மிச்சம் இரண்டு. ஒன்று, தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியோடு கூடிய செப்டிக் டேங்க். மற்றது இரட்டைக் குழி.

முறையாகக் கட்டிய செப்டிக் டேங்க் கசியாது. கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கும், நடுவிலுள்ள தண்ணீர் மட்டும் உறிஞ்சுகுழிக்குப் போகும். இதற்குக் காவல், தண்ணீர் வெளியேறும் இடத்திலுள்ள 'T' வடிவக் குழாய். அதன் கீழ்க்கால் ஆடைக்குக் கீழே, சேற்றுக்கு மேலே நிற்கவேண்டும். அந்தப் பிவிசி துண்டு உடைந்தால் ஆடையும் சேறும் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணை அடைத்துவிடும். அப்புறம் டேங்கை எத்தனை தடவை இறைத்தாலும் பயன் கொஞ்ச நாளைக்குத்தான்.

ஒருவருக்கு வருடத்துக்குச் சுமார் 40 லீட்டர் சேறு என்பது வழக்கமான கணக்கு. ஐந்து பேருக்கு 200 லீட்டர். 1,500 லீட்டர் டேங்கில் இரண்டரை வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு சேறாகிவிடும். நீளக் கம்பில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி, சற்று நேரம் வைத்து மெதுவாக எடுத்துப் பாருங்கள். கறுப்பு ஏறிய உயரம்தான் சேற்றின் உயரம். மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் பவுசருக்குச் சொல்லவேண்டும். நுவரெலியா குளிரில் சேறு செரிப்பதும் மெதுவாகத்தான் நடக்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். எந்தக் குழியானாலும் உள்ளே ஆள் இறங்கவே கூடாது. உள்ளே தேங்கும் வாயு நொடியில் ஆளைக் கொன்றுவிடும்.

சரி, பவுசர் எதுவரை வரும்? ஹட்டன், பண்டாரவளை டவுனில் வாசல்வரை வரலாம். தோட்டத்தில் ரோட்டை விட்டு இறங்கி, படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையுமாகப் போகும் வீட்டுக்கு அதன் குழாய் எட்டாது. அங்கே எவ்வளவு நல்ல டேங்க் கட்டினாலும், நிரம்பும் நாளில் வழி அடைபட்டுவிடும்.

அந்த வீடுகளுக்கு இரட்டைக் குழிதான் என் முடிவு. ஒரு மீட்டர் அகலமும் ஒன்றேகால் மீட்டர் ஆழமுமாக இரண்டு குழி, உள்ளே இடைவெளி விட்ட கல் கட்டு, முன்னால் இரண்டு பக்கமும் கிளை பிரியும் சின்னப் பெட்டி. ஒரு கிளையை அடைத்து மற்றக் குழியை மட்டும் பாவிக்கவேண்டும். ஐந்து பேருக்கு அது இரண்டு மூன்று வருடம் தாங்கும். நிரம்பியதும் கிளையை மாற்றிவிட்டு, பழையதை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது வாடையில்லாத மண்ணாகிவிடும். மேலே நின்றபடியே மண்வெட்டியால் அள்ளலாம். குளிர் ஊரில் புழு முட்டைகள் எளிதில் சாகாது, அதனால் கரட், லீக்ஸ் பாத்திக்குப் போடாமல் மரத்தடியில் புதைப்பது நல்லது. குளிக்கிற தண்ணீரையும் சமையலறைத் தண்ணீரையும் இந்தக் குழிக்கு விடக்கூடாது, சீக்கிரம் நிரம்பிவிடும். கிளை மாற்றும் தேதியைக் கதவுக்குப் பின்னால் எழுதி வைப்பது அவசியம், ஏனென்றால் இந்த ஏற்பாடு கெடுவது பெரும்பாலும் மறதியால்தான்.

எதைக் கட்டினாலும் தண்ணீர் கடைசியில் மலைக்குள்தான் இறங்குகிறது. மண்ணுக்குள் தண்ணீர் ஏறினால் மலை என்ன செய்யும் என்பதை 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்சரிவில் பார்த்தோம். ஆகவே வெட்டிய மண்மேட்டின் விளிம்பிலும் தாங்குசுவருக்கு மேலேயும் உறிஞ்சுகுழி வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் குழிக்குள் புகாதபடி மேல்பக்கம் ஒரு கான் வெட்டி விடுங்கள். கிணற்றுக்கு இத்தனை அடி தள்ளி என்ற கணக்கு சமநிலத்துக்குத்தான், சரிவில் அது மட்டும் போதாது. கீழ் வீட்டாரைக் கூப்பிட்டு, அவர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு, அதாவது ஊற்றுக் குழாய்க்கு, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்ட பிறகுதான் குழிக்கு இடம் குறிக்கவேண்டும்.