19 வோல்ட்டில் அடி வாங்கிய கேமராவும் எஸ்.பி. ரோடும்

நான் வசிக்கும் டொராண்டோவில் எத்தனை வருடம் காத்திருந்தாலும் ஒமேகா சென்டாரியைப் பார்க்க முடியாது. அந்த நட்சத்திரக் கொத்து அங்கே அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. பெங்களூரில் சித்திரை மாதத்து நள்ளிரவில் தெற்கே ஏறக்குறைய 30 டிகிரி உயரத்தில் நிற்கும். அதற்காகவே இந்த முறை அல்சூரில் அக்கா வீட்டுக்கு வரும்போது துணிமணிகளைக் குறைத்து, சின்னத் தொலைநோக்கியையும் வானியல் கேமராவையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

கேமரா என்றதும் கழுத்தில் மாட்டுவதை நினைக்க வேண்டாம். இது உள்ளங்கைக்குள் அடங்கும் சிவப்பு உருளை. லென்ஸ் இல்லை, திரை இல்லை, படம் எடுக்கும் பொத்தான்கூட இல்லை. உள்ளே சோனியின் ஐஎம்எக்ஸ்533 சென்சார், அதன் முதுகில் மின்சாரத்தால் அதைக் குளிர வைக்கும் பெல்டியர் தகடு, கடைசியில் ஒரு விசிறி. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஒளியைச் சேர்க்கும்போது சென்சார் சூடாக இருந்தால் படமெங்கும் பொய்ப் புள்ளிகள் வரும். ஆறேழு டிகிரி ஏறினாலே அந்த இரைச்சல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் இத்தனை குளிரூட்டல்.

மூன்றாம் நாள் இரவு மொட்டை மாடியில் எல்லாவற்றையும் பொருத்திக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. திரும்பி வந்ததும் அக்கா மகளிடம், "கீழே கறுப்பு அடாப்டர் இருக்கும், எடுத்துட்டு வாம்மா" என்றேன். அவள் கொண்டுவந்தது அத்தானுடைய பழைய லேப்டாப் சார்ஜர். குற்றம் அவளுடையது இல்லை. இருட்டில் எழுத்தைப் படிக்காமல் செருகியவன் நான்தான். என் கேமராவுக்கு 12 வோல்ட். அது 19 வோல்ட். முனை இரண்டுக்கும் 5.5 மில்லிமீட்டர். உள்ளே ஒன்றுக்கு 2.1, மற்றொன்றுக்கு 2.5. கொஞ்சம் ஆடும், ஆனால் நுழைந்துவிடும். நுழைந்தது. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், கருகல் வாசனை, சார்ஜர் விளக்கு அணைந்தது.

அன்றைக்குத் தூக்கம் போயிற்று. காலையில் காபி குடித்துவிட்டு முறையாக ஆரம்பித்தேன். இந்த வகைக் கேமராக்களில் படம் எடுக்கும் பகுதிக்கு யூஎஸ்பி கம்பியிலேயே மின்சாரம் வந்துவிடும். 12 வோல்ட் குளிரூட்டுவதற்கு மட்டும். ஆகவே முதலில் யூஎஸ்பியை மட்டும் மாட்டினேன். மடிக்கணினி கேமராவை அடையாளம் கண்டது. மூடியைப் போட்டு ஒரு படம், ஜன்னலைப் பார்த்து ஒரு படம். இரண்டும் ஒழுங்காக வந்தன. போன உயிர் பாதி திரும்பியது. அடுத்து சரியான அடாப்டர். செருகியவுடன் அதன் விளக்கு மினுக் மினுக்கென்று சிமிட்டியது, விசிறி அசையவில்லை. அத்தானின் மல்டிமீட்டரை கேமராவின் மின் துவாரத்தில் வைத்தேன், பீப். பிளஸ்ஸும் மைனஸும் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டன. ஷார்ட்.

முதலில் போனது எம்.ஜி. ரோடு பக்கம் குளுகுளு வசதியோடு இருந்த ஒரு கேமரா சர்வீஸ் கடைக்கு. டோக்கன், காத்திருப்பு, அப்புறம் கவுன்டரில் இருந்த பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லென்ஸ் எங்க சார்?" என்று கேட்டான். லென்ஸ் கிடையாது என்றதும் "அப்ப இது கேமரா இல்ல சார்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். அவன் கணினியில் மாடல் பட்டியல் இருக்கிறது, அதில் இது இல்லை, கதை முடிந்தது. தயாரித்த நிறுவனத்துக்கு அனுப்பலாம் என்றால் அது வெளிநாட்டில். சுங்கக் காகிதங்கள் முடிவதற்குள் என் விடுமுறை முடிந்துவிடும்.

"எஸ்.பி. ரோடுக்குப் போடா, அங்க கிடைக்காதது எதுவும் இல்ல" என்றாள் அக்கா. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெரு அது. அல்சூரிலிருந்து மெட்ரோவில் மெஜஸ்டிக், அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே சிக்பேட்டை. துணைக்கு அக்கா மகளும் வந்தாள். நாலைந்து கடையில் விசாரித்து, ஒரு மாடிப்படியின் மேலே, டிவி பவர் போர்டுகள் குவிந்து கிடந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். பையனிடம் கன்னடம், போனில் இந்தி, எங்களிடம் பெங்களூர்த் தமிழ். பூர்வீகம் கிருஷ்ணகிரிப் பக்கமாம், பிறந்தது ஆஸ்டின் டவுன்.

இது என்ன பொருள் என்றே அவர் கேட்கவில்லை. "என்னா சார் குடுத்தீங்க அதுக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. சொன்னேன். பின் மூடியின் திருகுகளைக் கழற்றி, விசிறியை ஒதுக்கி, பூதக்கண்ணாடியில் பார்த்து, மின் துவாரத்தை ஒட்டியிருந்த ஒரு கறுப்புச் சில்லைச் சாமணத்தால் தொட்டுக் காட்டினார். ஓரம் கருகியிருந்தது. டிவிஎஸ் டயோடு. வோல்ட்டேஜ் சரியாக இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். எல்லை மீறினால் மொத்தத்தையும் தன் வழியாகத் தரைக்குத் திருப்பிவிடும். ரொம்ப நேரம் தாங்காமல் உருகி ஷார்ட் ஆகிவிடும். "இது செத்ததாலதான் சார் மத்ததெல்லாம் பொழச்சுது" என்றார். சூடான காற்றை ஊதி அதைப் பெயர்த்தார். மீட்டரில் ஷார்ட் போயே போச்சு.

புதிய டயோடை வைத்த பிறகும் என் அடாப்டரை மாட்ட விடவில்லை. தன் மேசை சப்ளையில் 12 வோல்ட், அரை ஆம்பியருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்திவிட்டுக் கொடுத்தார். விசிறி சுற்றியது. அப்புறம்தான் மெல்ல ஏற்றினார்.

ஒரே ஒரு இடத்தில் பயந்துவிட்டேன். "முன்னாடியும் தொறந்து கிளீன் பண்ணிடட்டா?" என்று ஸ்ப்ரே டப்பாவை எடுத்தார். வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடிக்காத குறை. சென்சார் இருக்கும் அறைக்குள் ஈரம் உறிஞ்சும் மாத்திரைகள் போட்டு இறுக்கி மூடியிருக்கும். ஈரக்காற்று உள்ளே போனால் குளிரூட்டும்போது சென்சார் மேல் பனி படியும். சொன்னதும் புரிந்துகொண்டு, "அப்ப மூடியே இருக்கட்டும்" என்றார்.

முந்நூற்றைம்பது ரூபாய் கேட்டார். என்னிடம் யூபிஐ இல்லை. இந்த ஊரில் இளநீர்க்காரர்கூட க்யூஆர் அட்டை தொங்கவிட்டிருக்கிறார், நான் மட்டும் நோட்டை நீட்டிச் சில்லறைக்கு நிற்கிறேன். அக்கா மகள்தான் போனில் கட்டினாள்.

வீட்டில் 29 டிகிரி. பூஜ்யத்துக்கு வைத்தேன், சில நிமிடங்களில் இறங்கி அங்கேயே நின்றது. மைனஸ் 10 கேட்டால் குளிரூட்டி 100 சதவீதத்தில் ஓடியும் எட்டவில்லை. அது பழுது இல்லை; வெளி வெப்பத்தைவிட 35 டிகிரி வரைதான் குறைக்கும் என்பது இந்த மாடலின் அளவு, டொராண்டோக் குளிரில் அது எனக்கு உறைத்ததே இல்லை. மூடியைப் போட்டு 300 விநாடி இருட்டுப் படங்கள் எடுத்து, டொராண்டோவில் அதே பூஜ்யத்தில் எடுத்தவற்றோடு ஒப்பிட்டேன். வெள்ளைப் புள்ளிகள் பழைய இடங்களில்தான் இருந்தன. புதிதாகச் சொல்லும்படி எதுவும் இல்லை.

இருண்ட வானம் தேடி ஜவ்வாது மலைப் பக்கம் போகும் திட்டம் கோடை மழையில் கரைந்தது. கடைசியில் மொட்டை மாடியிலிருந்தே, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, தெருவிளக்கு மஞ்சளுக்கு நடுவே ஒமேகா சென்டாரி கிடைத்தது. அடாப்டரில் அக்கா மகள் சிவப்பு நெயில் பாலிஷால் '12' என்று பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள்.