பதினைந்து வருடம் கழித்து அதே பத்து ராகங்கள்

சரண்ஜித் சிங்கின் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' 1982-இல் வந்த ஆல்பம். அன்று பெரிதாக விற்கவில்லை. 2010-இல் மறுவெளியீடு ஆனபோதுதான் பேச்சு கிளம்பியது: சிகாகோவில் 1987-இல் தட்டில் வந்த ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையை, இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் ஐந்து வருடம் முன்பே வாசித்துவிட்டார் என்று. அதை நம்பி நானும் கேட்டேன். இரண்டு டிராக் தாண்டவில்லை. இருபத்திரண்டு வயது, கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டிருந்த நேரம். கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, இல்லாத ராகம் வெறும் ஸ்வர வரிசை என்று மூடிவைத்தேன்.

மூன்று வருடம் முன்பு நல்ல ஹெட்போன் ஒன்று கைக்கு வந்தது. அதில் தற்செயலாக மால்கௌன்ஸ் ஓடியது. ஹிந்துஸ்தானிப் பெயர் அது; நம் ஹிந்தோளம்தான், ரி கிடையாது, ப கிடையாது. ஆனால் என்னை நிறுத்தியது மேலே ஓடிய மெலடி இல்லை, அடியில் கனத்த குரலில் ஓடிய பேஸ். அது டிபி-303. கிதார் வாசிப்பவர் தனியாகப் பழகும்போது பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்க்க ரோலண்ட் செய்த சின்னப் பெட்டி. அதில் 'ஸ்லைடு' என்று ஒரு வசதி உண்டு. போட்டுவிட்டால் ஒரு ஸ்வரம் முடிந்து அடுத்தது தொடங்காது, முதல் ஸ்வரம் வழுக்கிக்கொண்டே போய் அடுத்ததில் சேரும். நாம் ஜாரு என்று சொல்வதற்குத் தூரத்துச் சொந்தம். 2010-இல் நான் கேட்டது கம்ப்யூட்டரோடு வந்த சின்ன ஸ்பீக்கரில். அதில் டிஆர்-808 என்ற டிரம் மெஷினின் தட்டலும் மேல் மெலடியும்தான் வந்தன. இல்லை என்று நான் சொன்ன அசைவு முழுக்க அடியில் இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது கேட்கிறேன். பூபாலி, கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி என்று ஐந்து ஸ்வர ராகங்கள்தான் இதில் நன்றாக நிற்கின்றன. ஸ்வரங்களுக்கு இடையே இடம் இருக்கிறது, பேஸ் தாராளமாக வழுக்குகிறது. லலித் இன்னும் ஒட்டவில்லை. தோடி என்ற பெயரைப் பார்த்து நம் தோடியைத் தேட வேண்டாம், ஹிந்துஸ்தானி தோடி நம் சுபபந்துவராளி. நம் தோடியின் காந்தாரத்தை இந்தப் பெட்டியால் ஆட்டியிருக்கவும் முடியாது.

குறையும் உண்டு. தாளம் கடைசிவரை ஒரே மாதிரிதான், பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் அலுப்பு தட்டும். இரண்டு இரண்டாகக் கேளுங்கள். அப்புறம், போன் ஸ்பீக்கரில் வேண்டவே வேண்டாம்.

சரண்ஜித் சிங் 2015-இல் காலமானார். மறுவெளியீட்டுக்குப் பிறகு கடைசி வருடங்களில் இந்த இசையை மேடையில் வாசிக்க முடிந்தது அவருக்கு. அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

போன வாரம் பைராகியைப் போட்டு, சுருதி பிடித்துக்கொண்டு, கூடவே அதற்கு இணையான நம் ரேவதி ராகத்தைப் பாடிப் பார்த்தேன். ரிஷபத்தில் என் குரல் அசைந்தது. பேஸ் அசையாமல் அங்கேயே நின்று தாங்கியது.