எம்.ஜி.பி.க்குப் பெட்ரோல் போகவில்லையா? கேஜா, குடுவையா

ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் மட்டும் திணறும். ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லை இது. பெட்ரோல் எங்கே தடைபடுகிறது என்று தேடுவதில் இரண்டு கட்சி. ஒன்று பிரஷர் கேஜை எடுக்கும். இன்னொன்று கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, வரும் பெட்ரோலைக் குடுவையில் பிடித்து அளக்கும். நான் குடுவைக் கட்சி.

அதற்கு முன்னால், செலவில்லாத சோதனை ஒன்று உண்டு: காது. பின்சக்கரத்துப் பக்கம் இருக்கும் எஸ்.யு. கம்பெனி மின்சாரப் பம்பில் காயில், டயஃப்ரம் என்ற சவ்வை இழுக்கும். கரன்ட்டைத் துண்டிக்கும் பாயின்ட் திறந்ததும் ஸ்பிரிங் அதைத் தள்ளும். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு ‘டிக்’. சாவியைத் திருப்பினால் படபடவென்று அடித்து, கார்புரேட்டர்களில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பர்கள் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். வெளியே கசிவில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தால், டேங்க் காலி அல்லது பம்புக்கு முன்னால் எங்கோ காற்றை இழுக்கிறது. வண்டி பட்டினி கிடக்கும்போது சத்தமே இல்லையென்றால், ஸ்பேனர் பிடியால் பம்பை லேசாகத் தட்டிப் பாருங்கள். உயிர் வந்தால் பாயின்ட் கருகியிருக்கிறது. வராவிட்டால் முதலில் கரன்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வருகிறதென்றால் கார்புரேட்டர் பக்கத்தில் அடைப்பா என்றும் பார்க்கலாம்.

சரி, கேஜ். அது காட்டுவது அந்த ஸ்பிரிங்கின் பலத்தைத்தான். மூன்று பிஎஸ்ஐ-க்கு அருகில் நின்றால் பம்ப் நலம் என்பார்கள். ஆனால் எஞ்சின் ஓடாமல், சேம்பர் வாயை அடைக்கும் ஃப்ளோட் நீடில் மூடியிருக்கும்போது அளந்தால், பாதி அடைத்த ஃபில்டர் வழியாகக்கூட மெதுவாக அதே அழுத்தம் வந்து சேர்ந்துவிடும். குழாயை மூடி வைத்திருக்கும்வரை எல்லார் வீட்டுப் பைப்பும் ஒன்றுதான். திறந்தால்தான் யார் வீட்டில் சொட்டுகிறது என்று தெரியும்.

குடுவை அந்தக் குழாயைத் திறக்கிறது. 1798 சிசி எஞ்சின் முழு மிதியில் நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் குடிக்கும். எனவே நிமிடத்துக்கு ஒரு பிரிட்டிஷ் பைன்ட், அதாவது 568 மில்லி, இருந்தே ஆக வேண்டும். நல்ல பம்ப் ஒரு லிட்டரை நெருங்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், இக்னிஷன் காயிலுக்கு வரும் கரன்ட் வயரைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பம்ப் ஓடும் நேரமெல்லாம் இந்த இக்னிஷன் காயில் சும்மா சூடாகும். பெட்ரோல் தாங்கும் குடுவையாக, உள்ளே தெரிவதாக இருக்க வேண்டும். ஏனென்றால் அளவைவிட முக்கியமானது வரும் விதம். முதல் சில துடிப்புகளில் காற்று கலந்து வரலாம். அப்புறமும் குமிழ் குமிழாக வந்தால் டேங்க் பக்கத்து ஹோஸ் இணைப்புகளைப் பார்க்க வேண்டும்.

நண்பர் ஒருவரின் 1971 மாடலில் கேஜ் மூன்று காட்டியது, பம்பும் புதுசு. குடுவையில் ஆரம்பத்தில் ஜோராக வந்த பெட்ரோல் போகப் போக இளைத்தது, டிக் சத்தமும் சோம்பலானது. டேங்க் மூடியைத் திருகியதும் ‘ஹுஸ்’ என்று ஒரு பெருமூச்சு; ஓட்டம் பழையபடி வந்துவிட்டது. காற்றுத் துளை இல்லாத மூடியை யாரோ மாட்டியிருந்தார்கள். அமெரிக்காவுக்குப் போன பிற்கால எம்.ஜி.பி.களில் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா வழியாக டேங்க் மூச்சு விடும், அங்கே அந்த மூடி சரி. இவர் காரில் அந்த டப்பாவே கிடையாது. பம்புக்குக் கொடுத்த காசு வீண்.

கேஜ் ஜெயிக்கும் இடமும் உண்டு. பழைய பம்பைக் கழற்றிவிட்டு வேறு காருக்கான ஐந்தாறு பிஎஸ்ஐ பம்பை மாட்டியிருந்தால், எஸ்.யு. நீடில் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் ஒழுகும். குடுவை அதையும் ‘பிரமாதம்’ என்றே சொல்லும். அப்போது நானும் கேஜைக் கடன் வாங்குவேன்.

இரண்டுக்கும் முன்னால், கார் திணறி நின்ற அதே இடத்தில், எஞ்சின் சூடு கொஞ்சம் அடங்கியதும், ஃப்ளோட் சேம்பர் மூடி மேல்பக்கம் இருக்கும் கார்புரேட்டரென்றால், அதன் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பாருங்கள். சாவியைத் திருப்பிவிடாதீர்கள், பம்ப் மறுபடி நிரப்பிவிடும். உள்ளே பெட்ரோல் தளும்பிக்கொண்டு நின்றால் கேஜும் வேண்டாம், குடுவையும் வேண்டாம். கோளாறு பெட்ரோலில் இல்லை, தீப்பொறியில் இருக்கலாம்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயின்ட்டோடு இருக்கும் கண்டென்சரை முதலில் மாற்றிப் பாருங்கள்.