தோள் இறுகினால்: பயிற்சியா, ஊசியா?

போன ஐப்பசியில் இடது கை முதுகுக்குப் பின்னால் போக மறுத்தது. ரவிக்கைக் கொக்கி, கொண்டை, கொடியில் துணி உலர்த்துவது என்று ஒவ்வொரு வேலையாகக் கைநழுவியது. "சுளுக்கா இருக்கும் அண்ணி, நீவி விட்டா சரியாயிடும்" என்றாள் நாத்தனார். நீவியதில் மூன்று ராத்திரித் தூக்கம் போனதுதான் மிச்சம்.

எலும்பு டாக்டர் என் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். தாழ்ப்பாள் போட்ட கதவு மாதிரி நின்றுவிட்டது. தசைநார் கிழிந்திருந்தால் நம்மால் தூக்க முடியாத கையை அடுத்தவர் தூக்கினால் பெரும்பாலும் மேலே போகும். இதில் யார் தூக்கினாலும் போகாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடுகிறதாம். 40 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம். மூன்றிலும் நான் தேறினேன்.

சும்மா விட்டாலும் பலருக்கு இளகிவிடும். ஆனால் ஒன்றிலிருந்து மூன்று வருஷம் ஆகலாம், கொஞ்சம் இறுக்கம் மிஞ்சவும் செய்யலாம். அத்தனை நாள் பொறுமை எனக்கில்லை.

முதலில் பிசியோதெரபிதான் போனேன். ஊசி என்றாலே ஸ்டீராய்டு, ஸ்டீராய்டு என்றாலே சர்க்கரை ஏறும் என்ற பயம். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது, சுவரில் விரல்களால் ஏறுவது, துண்டைப் பின்னால் பிடித்து இழுப்பது. எல்லாம் எளிய பயிற்சிகள்தான், செலவும் குறைவு. பிரச்சினை என்னவென்றால், ராத்திரி இரண்டு மணிக்கு வலி எழுப்பிவிடும். தூங்காத உடம்போடு காலையில் சுவர் ஏறினால் அன்று ராத்திரி வலி இரட்டிப்பாகும். ஐந்து வாரத்தில் பிசியோ பெண்ணே சொல்லிவிட்டாள்: "வலி உச்சத்துல இருக்கும்போது இழுத்தா இன்னும் கோபப்படும்மா, ஊசி பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க."

மூட்டுக்குள் 40 மில்லிகிராம் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். முன்கூட்டியே சர்க்கரை டாக்டரிடம் சொல்லியிருந்தேன், மாத்திரை அளவை அவர்தான் மாற்றிக்கொடுத்தார். வழக்கமாக வெறும் வயிற்றில் 130 காட்டும் மீட்டர் மறுநாள் 248 காட்டியது. அடுத்த நாளும் அப்படித்தான். ஆறாம் நாள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நான் பயந்து தள்ளிப்போட்ட விலை இவ்வளவுதானா என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. (சர்க்கரை ஏற்கெனவே கட்டில் இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, முதலில் அதைத்தான் இறக்க வேண்டும்.)

ஒரு வாரத்தில் தூக்கம் திரும்பியது. ஆனால் கை ஒரு அங்குலம்கூடக் கூடுதலாக ஏறவில்லை. ஊசி முக்கியமாக வலியைத்தான் அடக்குகிறது. அந்த நிம்மதியும் சில வாரங்களுக்குத்தான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த வாரங்களுக்குள் சுவர் ஏறியாக வேண்டும். என்னோடு ஊசி போட்டுக்கொண்ட ஒரு அக்கா, வலி போனதும் பயிற்சியை விட்டார். கை அங்கேயே நின்றுவிட்டது. அதனால் ஊசியா பயிற்சியா என்ற கேள்வியே எனக்கு இப்போது தப்பாகப் படுகிறது. வலிக்கும் கட்டத்தில் பயிற்சிக்கு வழிவிடுவதே ஊசிதான். வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சியவர்களுக்கு ஊசியால் அவ்வளவு பலன் இருக்காது.

மயக்கம் கொடுத்துக் கையைத் திருப்புவது, துளை வழி அறுவை ஆகியவற்றில் எனக்கு அனுபவமில்லை. பிரிட்டனில் 503 பேரிடம் இந்த இரண்டையும் ஊசியோடு சேர்ந்த பிசியோவையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வெளியானது. ஒரு வருஷ முடிவில் எதுவும் மற்றவற்றைத் தெளிவாக மிஞ்சவில்லை. அதைப் படித்த பிறகு அறுவைக்கு அவசரப்படத் தோன்றவில்லை.

அடுப்படிச் சுவரில் வெள்ளிக்கிழமைதோறும் விரல் எட்டிய இடத்தில் பென்சில் கோடு போட்டேன். நான்கு மாதத்தில் கோடு அஞ்சறைப்பெட்டித் தட்டைத் தாண்டியது. மேல் கொக்கிக்கு மட்டும் இன்னும் மகளைக் கூப்பிடுகிறேன். அதே தோளுக்கு மறுபடி வருவது அபூர்வமாம், மறு தோளுக்கு வரலாமாம். வந்தால் ஐந்து வாரம் காத்திருக்க மாட்டேன். மீட்டருக்கு ஒரு டப்பா ஸ்ட்ரிப் கூடுதலாக வாங்கிவைத்துவிட்டு ஊசிக்குப் போவேன்.